அடுப்பு மாறினால் அடம் பிடிக்கும்

கம்ப்யூட்டர் என்ற சொல்லைக் கண்டதும் அடுத்த பக்கத்துத் தொடர்கதைக்குத் தாவ நினைக்கும் சகோதரிகளே, ஒரு பத்து நிமிஷம் பொறுங்கள். தொடர்கதை எங்கேயும் ஓடிப் போய்விடாது. நான் சொல்ல வந்த சமாசாரமும் ஓடுவது, ஓடாதது பற்றியதுதான். அதிலே ஒரு சமையலறை வருகிறது. ஒரு நிச்சயதார்த்தமும் வருகிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளையோ பேரனோ என்றைக்காவது, "இந்தப் பைல் இந்த மிஷினில் ஓடாது" என்று சொல்லி உதட்டைப் பிதுக்கியிருப்பான். "ஏண்டா, அதுவும் கம்ப்யூட்டர், இதுவும் கம்ப்யூட்டர்தானே?" என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவன் சிரித்திருப்பான். சிரிப்பு எதற்கென்றுதான் எனக்குப் புரியவில்லை. மிகவும் நியாயமான கேள்வி அது. கெட்டிக்காரர்கள் பலர் வெகு காலமாக இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறார்கள்.

கம்ப்யூட்டரில் இருக்கும் பைல்களில் இரண்டு ஜாதி உண்டு. கடிதம், போட்டோ, பாட்டு இவையெல்லாம் ஒரு ஜாதி. அவை சும்மா இருக்கும். யாராவது எடுத்துப் படிக்க வேண்டும், பார்க்க வேண்டும், கேட்க வேண்டும். இன்னொரு ஜாதி சும்மா இராது. அதைத் தட்டினால் எழுந்து வேலை செய்யும். கணக்குப் போடும், படம் வரையும், சீட்டாடும். விண்டோஸ் யந்திரங்களில் இந்த ஜாதிப் பைலின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து ஈ, எக்ஸ், ஈ என்று மூன்று எழுத்து இருக்கும். பையன்கள் செல்லமாக 'எக்ஸி' என்கிறார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

இந்த எக்ஸி எப்படிப் பிறக்கிறது? முதலில் ஒரு மனிதர் உட்கார்ந்து, பாதி இங்கிலீஷும் பாதி கணக்குமாக ஒரு பாஷையில், "இதைக் கேள், அதைப் பெருக்கு, விடையைக் காட்டு" என்று எழுதுகிறார். அதை மூலம் என்று வைத்துக் கொள்ளுங்கள். மூலத்தை நாம் படிக்கலாம், யந்திரத்துக்குப் புரியாது. ஆகையால் கம்பைலர் என்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கிறார்கள். அது மூலத்தை முழுக்க முழுக்க எண்களாக மாற்றித் தருகிறது. அந்த எண் மூட்டைதான் எக்ஸி. யந்திரத்துக்கு அது தேன். நமக்கு ஒரு வரி புரியாது. மைசூர்ப்பாகைத் தின்று பார்த்து நெய் எவ்வளவு விட்டிருப்பாள் என்று ஓரளவு ஊகிக்கலாம். கிளறினவள் கைப்பக்குவத்தை அந்த வில்லையிலிருந்து எடுத்து எழுத முடியுமா? எக்ஸியிலிருந்து மூலத்தைத் திரும்ப எடுப்பதும் அப்படித்தான். அரைகுறையாக ஏதோ கிடைக்கும்.

சரி, இந்த எண்களை எல்லா யந்திரமும் ஏன் ஒரே மாதிரி புரிந்து கொள்ளவில்லை? யந்திரத்துக்குள் வேலை செய்யும் சமையற்காரர் ஒருவர் இருக்கிறார். ப்ராஸஸர் என்று பெயர். நம் வீட்டு மேஜைக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இருப்பவர் இன்டெல், ஏ.எம்.டி. குடும்பத்தைச் சேர்ந்தவர். நம் கையிலுள்ள டெலிபோன்களில் இருப்பவர் ஆர்ம் என்ற வேறு குடும்பம். முன்னவருக்குக் 'கூட்டு' என்று அர்த்தமாகும் எண், பின்னவருக்கு வேறு எதுவோ ஆகும், அல்லது ஒன்றுமே ஆகாது. தெலுங்கு மட்டும் தெரிந்த பரிசாரகரிடம் வங்காளிச் சமையல் புஸ்தகத்தைக் கொடுத்த கதைதான்.

"அப்படியானால் சமையற்காரர் ஒருவராகவே இருந்தால் ஓடிவிடுமோ?" என்று கேட்பீர்கள். அதுதான் இல்லை! ஒரே யந்திரத்தில் காலையில் விண்டோஸும் மாலையில் லினக்ஸும் வைத்து ஓட்டுகிற ஆசாமிகள் இருக்கிறார்கள். காலையில் ஓடிய எக்ஸி மாலையில் நேராக ஓடாது.

இதற்குக் காரணம் வீட்டு வழக்கம். எக்ஸி தானாக எதையும் தொடாது. ஒரு பைலைத் திறக்க வேண்டுமா, திரையில் ஓர் எழுத்தைப் போட வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அந்த வீட்டை நிர்வகிப்பவரிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். அந்த நிர்வாகிக்குத்தான் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். விண்டோஸ், லினக்ஸ், ஆப்பிளின் மாக் எல்லாம் இந்த நிர்வாகிகளே. நான் மாமியார் என்று சொல்லவில்லை. நீங்களாக நினைத்துக் கொண்டால் நான் பொறுப்பில்லை. 1981-ல் வந்த டாஸ் என்ற பழைய வீட்டில், எது கேட்பதானாலும் 21-ம் நம்பர் மணியை அடிக்க வேண்டும். லினக்ஸ் வீட்டில் வெகு காலம் 80-ம் நம்பர் மணி. (இரண்டும் பதினாறு பதினாறாக எண்ணும் கணக்கில்.) டாஸில் வளர்ந்த எக்ஸி லினக்ஸ் வீட்டுக்குப் போய் 21-ம் நம்பர் மணியை அடித்துக் கொண்டே நின்றால் யார் வந்து கேட்பார்கள்?

போதாக்குறைக்கு ஒவ்வொரு வீட்டிலும் வாசலில் நின்று முகத்தைப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். டாஸ் எக்ஸியைப் பிரித்துப் பார்த்தால் முதல் இரண்டு எழுத்து 'எம்', 'இஸட்' என்று இருக்கும். இது மைக்ரோஸாப்டில் வேலை பார்த்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கி என்பவரின் பெயரெழுத்து. இன்றைய விண்டோஸ் எக்ஸிகளும் அந்த மனிதரின் முத்திரையோடுதான் பிறக்கின்றன. கோடிக்கணக்கான பைல்களின் தலையில் தம் பெயரை எழுதி வைக்க யாருக்குக் கிடைக்கும்! லினக்ஸில் ஈ, எல், எப் என்ற மூன்று எழுத்து வேண்டும். அங்கே பெயரின் வாலில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே கிடையாது. ஜாவா என்ற பாஷையின் பைல்களுக்கு முத்திரையாக 'கேப் பேப்' என்று வைத்தார்கள், காப்பி ஹோட்டல் பெண் என்று அர்த்தம் வரும்படி. படித்த பெரிய மனிதர்கள்தான், என்ன செய்வது?

நடுவில் ஒரு எச்சரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். எக்ஸி வேலை செய்யும் ஜாதி என்றேன் அல்லவா? நல்ல வேலைதான் செய்யும் என்று சட்டமில்லை. வாட்ஸ்அப்பில் 'கல்யாணப் பத்திரிகை' என்று யாரோ அனுப்பியிருப்பார்கள். பெயரின் முடிவில் ஏ, பி, கே என்று இருக்கும். அது பத்திரிகை அல்ல. ஆண்டிராய்ட் டெலிபோனில் குடியேறக் காத்திருக்கும் புரோகிராம். பாங்குப் பணத்தைத் துடைத்துக்கொண்டு போன கதைகள் உண்டு. பத்திரிகை என்றால் படமாக வரட்டும். தட்டாதீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரே புரோகிராம் பல யந்திரங்களில் ஓட வேண்டும் என்பதற்காக முன்னின்று பாடுபட்டவர்களில் ஒரு பெண்மணி உண்டு. கிரேஸ் ஹாப்பர். 1906-ல் நியூயார்க்கில் பிறந்தவர். கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். யுத்த காலத்தில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தவர். அந்நாளில் ஒவ்வொரு யந்திரத்துக்கும் அதனதன் எண்களிலேயே எழுத வேண்டும். யந்திரம் மாறினால் அத்தனையும் குப்பைத் தொட்டிக்கு! மொழிபெயர்க்கும் வேலையை யந்திரமே ஏன் செய்யக் கூடாது என்று கேட்டு, 1952-ல் ஒரு கம்பைலரைச் செய்து காட்டினார் ஹாப்பர். அவர் உண்டாக்கிய ஒரு பாஷையைப் பெரிதும் ஒட்டி 1959-ல் கோபால் என்ற பொதுப் பாஷை உருவாயிற்று (நம் பக்கத்து வீட்டுக் கோபால் அல்ல). 1960-ம் வருஷம் டிஸம்பரில், ஏறக்குறைய ஒரே கோபால் புரோகிராமை ஆர்.ஸி.ஏ. கம்பெனியின் யந்திரத்திலும் ரெமிங்டன் ராண்டின் யூனிவாக் யந்திரத்திலும் ஓட்டிக் காட்டினார்கள். ஹாப்பர் அம்மையார் 79 வயது வரை கடற்படையில் இருந்து, ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார்.

ஆனால் இந்த வழியில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. மூலம் கையில் இருக்க வேண்டும். மூலம் இருந்தால் எந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கு ஏற்ற எக்ஸியைப் புதிதாகச் சமைத்துக் கொள்ளலாம். மூலம் தொலைந்து, எக்ஸி மாத்திரம் மிஞ்சினால்?

எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆயிற்று.

எங்கள் அம்மாவுக்குக் கும்பகோணம். தெருவில் கல்யாணமோ சீமந்தமோ என்றால் புரோகிதருக்கு முன்னால் அம்மாவுக்குத்தான் ஆள் வரும். அம்மா கரண்டி பிடிக்கப் போவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து, "எத்தனை இலை?" என்று கேட்பாள். சொன்னதும் ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்வாள். பிறகு அரிசி இவ்வளவு, துவரம்பருப்பு இவ்வளவு, புளி இவ்வளவு என்று சாமான் ஜாபிதாவை மளமளவென்று சொல்லி முடிப்பாள். குறைந்ததும் கிடையாது, அண்டாவில் கொட்டிக் கவிழ்த்ததும் கிடையாது. எழுதி வைக்கும் வழக்கமும் கிடையாது.

என் அண்ணாவுக்குச் சென்னையில் பாங்கு உத்தியோகம். 1992-ல் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அம்மா அப்போது அவரோடுதான் இருந்தாள். ராத்திரிச் சாப்பாடு ஆனதும் அம்மாவைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டு, "முப்பது இலைக்கு? நூறு இலைக்கு?" என்று கேட்டுக் கேட்டு, பாஸ்கல் என்ற பாஷையில் ஒரு புரோகிராம் எழுதினார். ஆறு மாதம் பிடித்தது. "பாங்கிலே கணக்குப் போதாதுன்னு என் தலையை உருட்டறான்" என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிக் கொள்வாள், உள்ளூரப் பெருமைதான். 1996-ல் அம்மா காலமானாள். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் ஜாபிதா அண்ணாவின் கம்ப்யூட்டரிலிருந்துதான் வந்தது.

1999-ல் அண்ணா அதைவிட வேகமான புதிய யந்திரம் ஒன்று வாங்கினார். புரோகிராமைத் தட்டினார், 'பிழை எண் 200' என்று சொல்லிவிட்டு அது படுத்துக் கொண்டது. பூஜ்யத்தால் வகுத்த குற்றம் என்று அதற்கு அர்த்தமாம். அண்ணாவோ எங்கேயும் பூஜ்யத்தால் வகுக்கவில்லை! அந்தக் கம்பைலர் செய்து தரும் எக்ஸிகள் பல, கிளம்பும்போதே ஒரு சோதனை செய்யுமாம். கடிகாரம் ஒரு முறை தட்டுவதற்குள், அதாவது ஒரு விநாடியில் ஏறக்குறைய 18-ல் ஒரு பங்குக்குள், யந்திரத்தால் எத்தனை சுற்றுச் சுற்ற முடிகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுத்து, விடையை ஒரு கட்டத்தில் எழுதும். கட்டத்தில் 65,535 வரைதான் இடம். புதிய யந்திரம் சுற்றிய வேகத்தில் விடை அந்தக் கட்டத்தில் அடங்கவில்லை. வழிந்துவிட்டது. யந்திரம் அதற்கும் வகுத்தல் பிழை என்றே பெயர் சொல்லிற்று. இதற்குத் திருத்தங்களைப் பலர் எழுதி வெளியிட்டிருந்தார்கள். அண்ணா அதைத் தேடிப் போகவில்லை. மூலம் இருந்த பிளாப்பித் தகடுகள் சென்னை ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் போயிருந்தன. பழைய யந்திரத்தையே ஓரமாக வைத்துக்கொண்டு, விசேஷத்துக்கு விசேஷம் தூசி தட்டி ஓட்டினார். 2008-ல் அவரும் போனார். அந்த யந்திரம் மூன்று வருஷம் கழித்துப் போயிற்று.

மிஞ்சியது ஒரு ஸி.டி.யில் என் மருமான் எடுத்து வைத்திருந்த அந்த ஒரு பைல். அளவு 38 கிலோபைட். இன்று டெலிபோனில் எடுக்கும் ஒரு போட்டோவில் நூறில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். அம்மாவின் கணக்கு உலகத்தில் வேறெங்கும் கிடையாது, அதற்குள்தான் இருந்தது.

சென்ற தை மாதம் மருமானின் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் வைத்தார்கள். ஹோட்டல் சாப்பாடு வேண்டாம், வீட்டிலேயே பாட்டி கணக்குப்படி சமைக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணே பிடிவாதம். அண்ணாவை அவள் பார்த்திருக்கிறாள், அம்மாவைப் பார்த்ததில்லை.

மருமான் தன் மடிக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான். முடியாது என்றது. என் பேரன் வைத்திருந்தது வேறு கம்பெனி யந்திரம். அது முகத்தைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பெனிப் பெயர்கள் வேண்டாம். அவர்களைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. இன்றைய 64 பிட் விண்டோஸ் எதிலும் அந்த 16 பிட் காலத்து எக்ஸிகளுக்கு இடம் கிடையாது. ஆப்பிள்காரர்களோ 1994, 2006, 2020 என்று மூன்று முறை சமையற்காரரையே மாற்றியவர்கள். ஒவ்வொரு தரமும் பழைய புரோகிராம்களுக்காகச் சில காலம் ஒரு துபாஷியை வைத்திருப்பார்கள். பின்னிரண்டு துபாஷிகளுக்கும் ரொஸெட்டா என்று பெயர். எகிப்தில் 1799-ல் கிடைத்த, ஒரே சாசனத்தை மூன்று எழுத்தில் வெட்டிய கல்லின் பெயர் அது. அந்தக் கல்லைக் கொண்டுதானே பழைய எகிப்திய எழுத்தைப் படித்தார்கள்!

"அத்தை, உள்ளே என்ன இருக்குன்னு பிரிச்சுப் பார்ப்போமா?" என்றான் மருமான். எழுத்துப் பைல் போலத் திறந்தான். திரை முழுவதும் பேய்க்கோலம். தலைப்பில் அந்த 'எம்', 'இஸட்'. கீழே கீழே போய்க்கொண்டே இருந்தான். கிறுக்கல்களின் நடுவே, இங்கிலீஷ் எழுத்துக்களில் தமிழாக ஒரு வரி இருந்தது: 'எத்தனை இலை?' இன்னும் கொஞ்சம் கீழே, 'மழையா?' மன்னி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஒன்றும் பேசவில்லை. பெயர்களும் கேள்விகளும் இப்படி அங்கங்கே தெரிந்தனவே ஒழிய, கணக்கு மட்டும் எங்கே இருக்கிறதென்று புலப்படவில்லை.

அன்றைக்கு ராத்திரி முழுவதும் பேரன் இதற்கான வழிகளைப் படித்தான். இரண்டு விதமாம். முதலாவது, வந்த விருந்தாளி கேட்பதை இந்த வீட்டு வழக்கத்துக்கு மாற்றிச் சொல்ல நடுவில் ஒரு ஆளை நிறுத்துவது. லினக்ஸ் வீட்டில் விண்டோஸ் எக்ஸிகளை ஓட்டுவதற்காக 'வைன்' என்று ஒன்று அப்படி இருக்கிறது. 1993-ல் ஆரம்பித்தார்கள்; முதல் முழுப் பதிப்பு என்று 1.0 வெளிவந்தது 2008-ல். பதினைந்து வருஷம்! சம்பளம் எதிர்பாராத பல பேர் கூடிச் செய்த வேலை. அந்த அஸ்திவாரத்தின் மேல் கட்டிய புரோட்டான் என்பதை வைத்துக்கொண்டுதான் இன்றைய பிள்ளைகள் விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஆடுகிறார்கள். ஆனால் எங்கள் எக்ஸி விண்டோஸ் பிள்ளை அல்ல, டாஸ் பிள்ளை.

இரண்டாவது வழி வேடிக்கையானது. விருந்தாளியை மாற்றவும் வேண்டாம், நடுவில் ஆளும் வேண்டாம். இந்த வீட்டுக்குள்ளேயே அவருடைய பழைய வீட்டை அப்படியே கட்டிக் கொடுத்துவிடுவது! பழைய ப்ராஸஸர், பழைய திரை, பழைய 21-ம் நம்பர் மணி எல்லாம் பொய்யாக, புரோகிராமாகவே. 2002 முதல் கிடைத்து வரும் டாஸ்-பாக்ஸ் என்பது இப்படிப்பட்ட பொம்மை வீடு. காசு கொடுக்க வேண்டியதில்லை. விண்டோஸ், மாக், லினக்ஸ் எதிலும் வைத்துக் கொள்ளலாம். இணையத்தில் ஒரு பெரிய ஆவணக் களஞ்சியத்தார் 2015-ல் ஆயிரக்கணக்கான பழைய டாஸ் விளையாட்டுகளை எவரும் ஆடும்படி வைத்தது இதன் தயவில்தான்.

பேரன் அதை வரவழைத்து, அண்ணாவின் எக்ஸியை அதற்குள் போட்டான். "பாட்டி, இதுலே வேகத்தைக்கூடக் குறைக்கலாம்" என்றான். குறைக்கத்தான் வேண்டும், 200-ம் நம்பர் பிழையைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோமே! அத்தனை வேகமான யந்திரத்தை 1992-ம் வருஷத்து நடையில் நடக்கச் சொன்னான். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து வந்தது.

எத்தனை இலை?

மன்னிதான் சொன்னாள்: "அறுபது போடு." மத்தியானமா, ராத்திரியா என்று கேட்டது. மத்தியானம். மழையா என்று கேட்டது. இல்லை. அரிசியில் ஆரம்பித்து வெற்றிலை வரைக்கும் ஜாபிதா இறங்கிற்று.

அத்தோடு விட மனசில்லை. யந்திரம் இன்னும் எத்தனை தரம் மாறுமோ? கணக்கைப் பிரித்து எடுக்க முடியாவிட்டால் என்ன, கேட்டுக் கேட்டு வாங்கலாமே! அண்ணா அம்மாவிடம் கேட்ட மாதிரியேதான். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்தோம். பத்து இலையிலிருந்து முந்நூறு வரை, மழையோடும் மழையில்லாமலும், பேரன் தட்டத் தட்ட மன்னி நீளநோட்டில் எழுதினாள். மன்னிக்கு 80 வயது. கையெழுத்து இன்னும் முத்து.

எழுத எழுத அம்மா கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பித்தாள். 50 இலையை 100 ஆக்கினால் அரிசி ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. உப்பும் மிளகாயும் அப்படி ஆகவில்லை, ஒன்றேமுக்கால் பங்கோடு நின்று விடுகின்றன. பெரிய அண்டாவில் காரம் கூடிப் போகும் என்று அம்மா சொல்வது ஞாபகம் வந்தது. மழை என்றால் மோருக்குத் தயிர் குறைகிறது, காப்பிப் பொடி ஏறுகிறது. ராத்திரி என்றால் பாயசம் பாதி. யாருக்குத் தோன்றும்?

ஒரு இடம் மட்டும் புரியவில்லை. 48, 49, 50 என்று ஒழுங்காக ஏறிக்கொண்டு வந்த கணக்கு, 51-ல் திடீரென்று குதித்தது. ஒரு இலைக்கு ஏற வேண்டிய அரிசி, ஆறு இலைக்கு ஏறியிருந்தது. அதற்கப்புறம் மறுபடி ஒழுங்கு. அண்ணா எங்கேயோ தப்பாகத் தட்டியிருப்பார் என்றான் மருமான். பேரனும் தலையை ஆட்டினான்.

மன்னி பேனாவைக் கீழே வைத்தாள். "தப்பு இல்லே. அம்மா சொல்லுவாளே, அம்பது இலைக்கு மேலே போனா அழைக்காத அஞ்சு பேர் வருவா, அவாளைப் பசியோட அனுப்பப்படாதுன்னு. இவர் அதையும் சேர்த்து எழுதியிருக்கார்."

நிச்சயதார்த்தத்துக்கு 64 பேர் சாப்பிட்டார்கள். ரசம் மட்டும் ஒரு சொம்பு மீந்தது.